இல்லாத பிக்குணிக்கு ஒரு விசாரணை

சுலோஜனாவிடம் கதை சொல்லப் போகிறவர்கள் கொஞ்சம் கவனமாகத்தான் போகவேணும். கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிற மனிசி தன்பாட்டுக்கு, "அண்டைக்கு நடந்தது தெரியுமே?" என்று தொடங்கினால், இவ சோற்றில் இருந்து கையை எடுக்காமலே கேட்பா: "அண்டைக்கு எண்டால் என்ன திகதி?" பிறகு, "நீங்கள் நேரை கண்டனீங்களோ, ஆரும் சொல்லிக் கேட்டனீங்களோ?" அவ்வளவுதான். ஆவென்று பார்த்துக் கொண்டிருக்கிற நாலு பேருக்கும் கதை கெட்டுப்போகும். வேணுமென்று செய்கிறதில்லை, பாவம். இருபத்தாறு வருசமாக ஸ்டுட்கார்ட்டில் சத்தியம் செய்து பதிந்த மொழிபெயர்ப்பாளர் அவ. அகதி விசாரணை, நீதிமன்றம், ஆஸ்பத்திரி எல்லாம் போகிறவ. அதிகாரி கேட்கிறதைத் தமிழில் சொல்ல வேணும், எங்கட ஆள் சொல்லுகிறதை ஜேர்மனில் சொல்ல வேணும். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த வேலை அவவின் காதைக் கெடுத்துப்போட்டுது என்று புருசன் றெக்ஸ் சொல்லுவார்.

நாற்பத்தெட்டு வயசில் முழங்கால் நோவென்று டொக்டரிடம் போனா. ஏதாவது அப்பியாசம் செய்யச் சொன்னார் அவர். மற்றப் பெண்டுகள் என்றால் நீச்சலுக்குப் போவினம், இல்லாவிட்டால் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நடப்பினம். இவ போய் நின்றது அதே நகரத்துப் பாட் கான்ஸ்டாட் பகுதியில், ஒரு பழைய அச்சகத்தின் மேல்மாடியில். அங்கே ஊவே என்கிற ஜேர்மன்காரர் விங் சுன் சொல்லிக் கொடுக்கிறார். விங் சுன் என்றால் தென்சீனத்துக் கைச்சண்டை. பறந்து பறந்து உதைக்கிற சோலி இல்லை. கிட்ட நின்று, அடிக்க வருகிறவனின் பலத்தை அவன் பக்கமே திருப்பி விடுகிற வித்தை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மெல்லிய பெட்டை, மலை மாதிரி ஒருவனை முழங்கையால் ஓரமாக்கி விடுகிறதைப் பார்த்தா. உதென்ன சங்கதியென்று கேட்டுவிட்டு வரத்தான் உள்ளே போனா. கேட்கப் போனவ ஏழு வருசமாக அங்கேதான் நிற்கிறா.

அந்தச் சண்டைப் பள்ளியின் சுவரில் வரிசையாகப் படங்கள். கீழே ஊவேயின் வாத்தியார், அவருக்கு மேலே அவருடைய வாத்தியார், இப்படியே போய் உச்சியில் ஒரு படம் மட்டும் போட்டோ இல்லை, தூரிகையால் வரைந்தது. மொட்டைத்தலைப் பிக்குணி ஒருத்தி. முதல் நாளே சுலோஜனா கேட்டது, "இவ ஆர்? எந்தக் காலத்து மனிசி?" என்றுதான்.

ஊவேக்கு அறுபது தாண்டிவிட்டது. கதை சொல்லுகிறதென்றால் அந்த மனிசனுக்கு வலு விருப்பம். பள்ளியில் எல்லாரும் வாத்தியாரோடு "நீ" போட்டுத்தான் கதைப்பினம், ஜேர்மன்காரரின் வழக்கம் அது. சுலோஜனாவுக்கு மட்டும் வாத்தியாரை நீ என்று சொல்ல வாய் வராது. ஏழு வருசமாக "நீங்கள்" தான். ஊவே சிரிப்பார், ஆனால் விட்டுவிட்டார்.

அவர் சொன்ன கதை இதுதான். மஞ்சூ அரசர்கள் சீனத்தை ஆண்ட காலம். தெற்கே இருந்த ஷாவொலின் மடத்தில் அரசுக்கு எதிரானவர்கள் ஒளித்திருக்கினம் என்று படை போய் மடத்தைக் கொளுத்தினது. தப்பினது ஐந்து பேர். அதில் ஒருத்தி இங் முய் என்கிற பிக்குணி. மலையில் ஒளித்திருக்கேக்கை ஒரு கொக்கும் பாம்பும் சண்டை பிடிக்கிறதைப் பார்த்தா. கொக்கு செட்டையால் தட்டிவிட்டு அலகால் கொத்துது, பாம்பு வளைஞ்சு வளைஞ்சு போகுது. அதை வைத்து, பலமில்லாதவரும் பலமானவரை வெல்லக்கூடிய ஒரு சண்டையைக் கண்டுபிடித்தா. ஊரில் டோஃபு விற்கிற ஒருவருக்கு யிம் விங் சுன் என்று ஒரு வடிவான மகள். சண்டியன் ஒருவன் அவளைக் கட்டாயமாகக் கட்டப் பார்க்கிறான். பிக்குணி அவளுக்கு வித்தையைப் பழக்க, அவள் சண்டியனை விழுத்தினாள். பிறகு தான் விரும்பினவரைக் கட்டி, வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவரிடம் இருந்து அது சிவப்புப் படகுகளில் ஊர் ஊராகப் போய் நாடகம் ஆடுகிற கூத்துக்காரருக்கு வந்தது. அவர்களிடம் இருந்து ஃபோஷான் நகரத்தில் மூலிகை வைத்தியர் ஒருவருக்கு. அப்படியே வந்து வந்து, கடைசியில் கான்ஸ்டாட் ஊவேக்கு.

"நல்ல கதை," என்றா சுலோஜனா. "எந்த வருசம் மடம் எரிஞ்சது?"

ஊவே தாடியைத் தடவினார். "அது... ஆளுக்காள் ஒண்டு சொல்லுவினம்."

வீட்டுக்கு வந்து றெக்ஸிடம் சொன்னா. றெக்ஸ் கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை, ஆனால் சகல விசயத்திலும் அபிப்பிராயம் உண்டு. "உதெல்லாம் எங்கட ஆள் கொண்டுபோய்க் குடுத்தது, தெரியாதோ? போதிதர்மர். காஞ்சிபுரத்து இளவரசர். ஷாவொலினுக்குச் சண்டை பழக்கினதே தமிழன்தான்."

"எந்தக் கடதாசியில் இருக்கு?" என்று கேட்டா சுலோஜனா.

"ஐயோ கடவுளே, கடதாசி!" என்றார் றெக்ஸ்.

நகர நூலகத்தில் போய்த் தேடினா. போதிதர்மரைப் பற்றிச் சீனத்தில் இருக்கிற ஆகப் பழைய குறிப்பு, ஆள் பாரசீகத்தில் இருந்து வந்தவர் என்கிறது. அதுக்குக் கொஞ்சம் பின்னாலே வந்தது, தென்னிந்திய அரசன் ஒருவரின் மகன் என்கிறது. சரி, எங்கட பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுவம். அவர் சண்டை பழக்கினார் என்கிற கதை எழுத்தில் வருகிறது எப்போது? ஆள் இருந்து ஏறக்குறைய ஆயிரம் வருசத்துக்குப் பிறகு! தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் இதைச் சொல்லப் போய், ஒரு மேசை முழுக்க இவவோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டது. வேணுமா இந்தக் கரைச்சல்?

இதெல்லாம் பகிடியாகப் போய்க்கொண்டிருந்தது, போன வருசம் வரைக்கும். போன வருசம் ஊவே கூப்பிட்டுச் சொன்னார்: "ஒக்டோபரில் உனக்குத் தேநீர்ச் சடங்கு."

தேநீர்ச் சடங்கு என்றால் வாத்தியாருக்கு முன்னால் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் தேத்தண்ணி கொடுக்கவேணும். அவர் குடித்தால் ஆள் அந்தப் பரம்பரைக்குள் வந்தாச்சு. பேர் ஏட்டில் ஏறும். பேர் ஏறினவர்தான் பள்ளியின் பேரில் வகுப்பு நடத்தலாம். சுலோஜனாவுக்கு அது வேணும். ஏனென்றால் தமிழ்ச் சங்கத்தின் மகளிர் பகுதியைப் பார்க்கிற ஜெயமலர் ஏற்கெனவே எட்டுப் பெண்டுகளைச் சேர்த்து, மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரமும் பதிந்து வைத்துவிட்டா. அதில் இரண்டு பேர் வீட்டில் படுகிற பாட்டால்தான் வருகினம் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொல்லுகிறதில்லை. "சுலோ, நீங்கள் எண்டபடியால்தான் அதுகள் வருதுகள். வெள்ளையனிட்டை போகாதுகள்," என்று ஜெயமலர் சொல்லியிருந்தா.

இதில் ஒரு சிக்கல். தேத்தண்ணி கொடுக்க முதல், எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று, பிக்குணியில் தொடங்கி ஊவே வரைக்கும் அந்த வரலாற்றைச் சொல்லவேணும். கடதாசி பார்க்கக் கூடாது. தன்னுடைய சொந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி, இது நடந்தது, இவ இருந்தா என்று சொல்லவேணும். ஊவேயின் வாத்தியார் வைத்த முறை அது.

குசினியில் நின்று பழகினா. "இங் முய் என்று ஒரு பிக்குணி இருந்தா," என்று தொடங்குவா. அங்கேயே நின்றுவிடும். அடுத்த வசனம் வராது.

"சும்மா ஒப்பிச்சுப்போட்டு வாருமன்," என்றார் றெக்ஸ், வெங்காயம் வெட்டிக்கொண்டு. "ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நான் சொல்லுறதெல்லாம் திகதி பார்த்தே சொல்லுறன்?"

"அது நீங்கள் நம்பிச் சொல்லுறது. எனக்கு இது வாயில வருகுதில்லை, இஞ்சேருங்கோ. காது விடுகுதில்லை."

காது என்ன சொல்லுகிறதென்றால், இது பழக்கிவிட்ட கதை. அந்த நாளில் வெளிநாட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஒரே முகவர் அனுப்பின ஆட்கள் விசாரணைக்கு வந்தால், ஒரே கிணறும் ஒரே நாயும் எல்லாருடைய கதையிலும் வரும். பேர் ஊர் ஒருநாளும் சொல்லமாட்டா சுலோஜனா, ஆனால் கேட்ட காது கேட்டதுதான். பழக்கின கதையில் எல்லாம் பொருந்தும். உண்மைக் கதையில் தேவையில்லாத சாமான் கிடக்கும். உயிர் தப்பி ஓடினதைச் சொல்லிக்கொண்டு வருகிறவன் நடுவிலே, "அண்டைக்குத்தான் புதுச் செருப்பு வாங்கினனான், வார் அறுந்துபோச்சு," என்று அழுவான். பிக்குணியின் கதையில் அறுந்த செருப்பு ஒன்றும் இல்லை. கொக்கு வந்த நேரத்துக்குப் பாம்பும் வந்தது. சண்டியன் வந்த நேரத்துக்குப் பிக்குணியும் வந்தா.

திகதியைப் பார்த்தால் அதைவிட மோசம். மடத்தை எரித்தது காங்ஷி அரசர் என்று ஒரு கதை, அவருடைய மகன் என்று ஒரு கதை, பேரன் என்று இன்னொரு கதை. மூன்று விசாரணையில் மூன்று திகதி சொன்னவனை எந்த அதிகாரி நம்புவார்? அந்த மடம் எங்கள் ஊரில்தான் இருந்ததென்று ஃபூஜியன் மாகாணத்தில் மூன்று ஊர் உரிமை கொண்டாடுகிறது. ஃபோஷான் வைத்தியர் இருந்தவர், அதில் சந்தேகமில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டு. அவருக்கு மேலே ஏறினால் கூத்துக்காரரின் படகு. படகுக்கு மேலே ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பிக்குணியின் கதையை இந்த வடிவில் எழுதி வைத்ததே இருபதாம் நூற்றாண்டில்தான்.

அப்ப ஏன் இந்தக் கதை? சும்மா விடுகிற ஆளா சுலோஜனா? செப்டெம்பர் முழுக்க வேலை முடிய நேரே நூலகம். ஒரு சனிக்கிழமை, தடித்த ஜேர்மன் புத்தகம் ஒன்றில் அந்தப் பக்கம் வந்தது. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நாலில் அந்தக் கூத்துக்காரர் அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கினவையாம். மேடையில் ராசா வேசம் போட்டவை அதே உடுப்போடு சண்டைக்குப் போனவையாம். அரசு ஃபோஷானில் இருந்த அவர்களின் சங்க மண்டபத்தை இடித்து, கூத்தையே தடை செய்தது. பிடிபட்டவர்களைக் கொன்றது. அதுக்குப் பிறகு "எனக்கு இன்ன கூத்துக்காரன்தான் வித்தை பழக்கினவன்" என்று எவன் வாய் திறப்பான்? அந்த ஆட்களை மறைக்கத்தான் பிக்குணி வந்திருக்கலாம் என்று சில ஆராய்ச்சிக்காரர் சந்தேகப்படினம். நிரூபிக்க ஒருவராலும் ஏலவில்லை.

சுலோஜனா அந்த இடத்தில் புத்தகத்தை மூடினா. மற்றவர்களுக்கு அது ஒரு சந்தேகம். இவவுக்கு அது சந்தேகமே இல்லை, ஏனென்றால் இவவும் ஒரு கன்னியாஸ்திரியை, இல்லாத ஒரு சிஸ்டரை, செய்து வைத்திருக்கிறா.

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டு, இருபத்தொரு வயசு. வவுனியாவில் ஆமியின் சுற்றிவளைப்பு நேரம் இவவை ஒரு பேக்கரியின் மாவு அறைக்குள் ஒன்பது நாள் ஒளித்து வைத்தவர் அங்கே வேலை செய்த அருளம்பலம் என்கிறவர். முன்பின் தெரியாத மனிசன். ஒவ்வொரு நாள் விடியவும் ஆமிக்காரர் அதே பேக்கரிக்குப் பாண் எடுக்க வருவினம், மாவு அறைக் கதவுக்கு ஐந்து அடி தள்ளி நிற்பினம். இருமல் வந்தால் வாய்க்குள் சீலையைத் திணித்துக்கொண்டு இருப்பா. பத்தாம் நாள் ஒரு லொறியில் ஏற்றிவிட்டார். ஜேர்மனிக்கு வந்து விசாரணைக்கு முதல் நாள், முகாமில் இருந்த ஆட்கள் சொல்லிச்சினம், "அங்கை இருக்கிற ஒருத்தரின்ர பேரையும் சொல்லிப்போடாதை பிள்ளை, எது எங்கை போய்ச் சேருமோ தெரியாது." அப்ப யார் ஒளித்தது என்று சொல்லுகிறது? கொன்வென்ட் வாசலையே மிதியாத சைவப்பிள்ளை, ஒரு சிஸ்டர் என்று சொன்னா. சிஸ்டர் அனஸ்தாசியா. மூக்குக்கண்ணாடி, நாடியில் ஒரு மறு, கொஞ்சம் நொண்டுவா. எந்தக் கால் என்று அதிகாரி கேட்டார். இடது கால் என்று சொன்னா. எழுதினார். அதே கதையை மூன்று தரம், மூன்று மேசையில் சொல்லி, மூன்று தரமும் அதிகாரி எழுதுகிற புரொட்டோகோலில் ஏறினது.

ஆக, சிஸ்டர் அனஸ்தாசியாவுக்கு ஜேர்மன் அரசாங்கத்தின் முத்திரை குத்தின ஆதாரம் இருக்கு. ஆள்தான் இல்லை. அருளம்பலம் இருந்தவர், ஒரு கடதாசியிலும் இல்லை.

அவருக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. முதலில் பயம். பிறகு சண்டை. அதுக்குப் பிறகு வெட்கம், இவ்வளவு நாளும் விட்டுவிட்டு இப்ப எந்த முகத்தோடு எழுதுகிறது என்று. உண்மை தெரிந்த ஒரே ஆள் றெக்ஸ். "உம்மாலை எங்கட சபைக்கு ஒரு சிஸ்டர் கூடிப்போனா," என்று ஒருக்கால் பகிடி விட்டார். அன்றைக்கு இவ சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்த பிறகு அந்தப் பகிடியை விட்டுவிட்டார்.

ஒக்டோபர், ஞாயிறு முற்பகல். பள்ளியில் நாற்பது பேர். ஜெயமலர் எட்டுப் பெண்டுகளையும் சீலை உடுத்திக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருத்தியிருந்தா. தேத்தண்ணியை வீட்டில் இருந்து கொண்டு வரச் சொல்லியிருந்தார் ஊவே. சுலோஜனாவுக்குத் தெரிந்த தேத்தண்ணி ஒன்றுதானே? இஞ்சி தட்டிப்போட்டு, ரின்பால் விட்டு, சீனி அள்ளிப் போட்டு ஒரு பிளாஸ்க் நிறையக் கொண்டு வந்திருந்தா. சீனத்துச் சடங்குக்கு வெறும் பச்சைத் தேத்தண்ணி என்று அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மூடியைத் திறக்க, மண்டபம் முழுக்க இஞ்சி மணத்தது. ஊவே பிளாஸ்கைப் பார்த்தார்.

சுலோஜனா எழும்பி நின்றா. பொய் சொன்னால் வகுப்பு கிடைக்கும். பிக்குணி இல்லையென்று சொன்னால், நாற்பது வருசம் இந்தப் படத்துக்குக் கும்பிட்ட மனிசனை அவருடைய ஆட்களுக்கு முன்னாலேயே அவமானப்படுத்தினதாகும்.

"நான் ஒரு மொழிபெயர்ப்பாளர்," என்று தொடங்கினா. "கேட்டதைத்தான் சொல்லுவன். இங் முய் எண்டு ஒரு பிக்குணி இருந்ததாக் கேட்டன். தேடினன். அவவைக் காணேல்லை. கூத்துக்காரரின்ர படகு மட்டும் போனன், அதுக்கு அங்காலை வழி இல்லை. என்னைக் கேட்டால், படகிலை இருந்த ஆரோ ஒருத்தரை, பிடிபட்டால் தலை போற ஒருத்தரை, காப்பாத்த இந்த அம்மாவைச் செய்திருக்கினம்."

பின்வரிசையில் ஒருவன் ஏதோ முணுமுணுத்தான். ஊவேயின் முகம் சிவந்துபோனது. "நிரூபிக்க ஏலுமோ?"

"ஏலாது."

"அப்ப எப்பிடி இவ்வளவு நிச்சயமாச் சொல்லுறாய்?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். புத்தகத்தில் வாசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர், விசாரணையில் தான் சொன்னது பொய்யென்று நாற்பது பேருக்கு முன்னால் சொன்னால், நாளைக்கு எந்த அலுவலகம் கூப்பிடும்? ஜெயமலர் என்னென்று பார்ப்பா? வந்தது வரட்டும் என்று சொன்னா: "ஏனெண்டால் நானும் ஒருத்தியைச் செய்தனான்."

சொன்னா, முழுக்கவும் சொன்னா. ஜேர்மனில் ஒரு வசனம், முன்வரிசைக்குத் தமிழில் ஒரு வசனம், பழக்கதோசம். முன்வரிசையில் இருந்த பெண்டுகளில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டினம். அவையும் ஏதோ ஒரு விசாரணை மேசையில் எதையோ மறைத்துச் சொன்னவைதானே.

ஊவே எழும்பிப் போய்ப் படத்துக்குக் கீழே நின்றார். "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆருக்குத் தலை குனிஞ்சனான்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"பேர் தெரியாது," என்றா சுலோஜனா. "ஆனால் ஆரோ இருந்திருக்கினம். வித்தை எங்கட கையிலை இருக்குதே."

திரும்பி வந்து கதிரையில் இருந்தார். "தேத்தண்ணியைத் தா."

முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் கொடுத்தா. ஒரு மிடறு குடித்தார், சீனியில் கண் ஒருக்கால் விரிந்தது. கிண்ணம் முடியக் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார். ஏட்டை எடுத்து, சுலோஜனா என்று எழுதினார். ஜெயமலர் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டிச்சினம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நிச்சயமாச்சு.

ஊவே பேனையை மூடவில்லை. "உன்ர ஆளின்ர பேர் என்ன?"

முப்பத்து நாலு வருசம் வெளியாருக்கு முன்னால் சொல்லாத பேர். "அருளம்பலம்," என்றா. "வவுனியா. பேக்கரியிலை வேலை." எழுத்துக் கூட்டிச் சொல்ல, தன்னுடைய பரம்பரை ஏட்டில், இவவின் பேருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார் ஊவே.

"எப்பிடி இருப்பார், ஆள்?" என்று கேட்டார், நல்ல மனசோடு.

சுலோஜனா கண்ணை மூடினா. மாவு பட்ட ஒரு கை தெரிந்தது, மணிக்கட்டு மட்டும். அதுக்கு மேலே பார்க்கப் பார்த்தா. வந்தது மூக்குக்கண்ணாடி. நாடியில் மறு. இடது கால் நொண்ட நொண்ட, சிஸ்டர் அனஸ்தாசியா வந்து நின்றா, நேற்றுக் கண்ட ஆள் மாதிரி. மூன்று மேசையில் மூன்று தரம் சொன்ன முகமல்லோ. அவவைத் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் பார்க்க எவ்வளவோ தெண்டித்தா, ஒருவரையும் காணவில்லை.

"தெரியேல்லை," என்று ஜேர்மனில் சொன்னா. பிறகு முன்வரிசையைப் பார்த்து, தமிழிலும் ஒருதரம் சொன்னா.